ஓவியம் வாங்கி வைத்தால் சொத்தாகுமா?

24 மார்ச் 2025 (வாசகர் ஒருவரின் கேள்வி)

ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் ஓவியம் ஒன்று நியூயார்க் ஏலத்தில் 118 கோடி ரூபாய்க்குப் போயிருக்கிறது. நிலமும் தங்கமும் வாங்கியவர்களைவிட ஓவியம் வாங்கியவர்கள்தாம் இனி கெட்டிக்காரர்கள் என்று தோன்றுகிறது. என்னிடம் ஐந்து லட்சம் ரூபாய் இருக்கிறது. சென்னை ஓவியர்களின் படைப்புகள் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன என்கிறார்கள். இப்போதே நாலைந்து வாங்கிப் போட்டால் பத்து ஆண்டுகளில் பல மடங்காகிவிடும் என்பது என் கணக்கு. டீச்சரம்மா என்ன சொல்கிறீர்கள்?

25 மார்ச் 2025

உங்கள் கணக்கில் விட்டுப்போனது அந்த ஓவியத்தின் வரலாறு. 'கிராம யாத்திரை' 1954இல் வரையப்பட்டது. ஏறத்தாழ 14 அடி அகலத்தில் 13 காட்சிகள் அதில் இருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் சார்பில் நெஞ்சக அறுவைப் பயிற்சி மையம் ஒன்றை நிறுவ டெல்லிக்கு வந்திருந்த லியோன் எலியாஸ் வொலொடார்ஸ்கி என்ற மருத்துவர் அதே ஆண்டில் அதை வாங்கி நார்வேக்குக் கொண்டுபோனார். பிறகு ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அதை அளித்துவிட்டார். எழுபது ஆண்டுகளாக அது சந்தைப் பக்கமே வரவில்லை. யார் வாங்கினார், யாரிடம் போனது, எந்தச் சுவரில் இருந்தது என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. ஏலத்தை நடத்திய கிறிஸ்டீஸ் நிறுவனம் 25 முதல் 35 லட்சம் டாலர் வரை போகும் என்று மதிப்பிட்டிருந்த அந்த ஓவியம் மார்ச் 19 அன்று 137.5 லட்சம் டாலருக்குப் போனது. அந்தப் பணம் மருத்துவர்களின் பயிற்சிக்குச் செலவாகப் போகிறது.

விலை ஏறியது உண்மை. ஆனால் ஏறியது ஹுசைன், ரஸா, தையப் மேத்தா, கைதொண்டே, சூசா, அம்ரிதா ஷெர்கில் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு. அவர்களிலும் குறிப்பிட்ட காலத்துப் படைப்புகளுக்கு. அந்தப் படைப்புகளிலும் கைமாறிய வரலாறு சுத்தமாக இருப்பவற்றுக்கு. இந்த மூன்றையும் தாண்டித்தான் உங்கள் ஐந்து லட்சம் சந்தைக்குள் நுழைய வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏலத்தில் கிடைக்கும் பணம் ஓவியத்தை வைத்திருந்தவருக்குப் போகிறது. வரைந்தவருக்கு அதில் சட்டப்படி எந்தப் பங்கும் கிடையாது.

26 மார்ச் 2025

நான் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தேன். வணிகம் செய்தவள் அல்ல. என் வீட்டுச் சுவரில் ஒன்பது படைப்புகள் இருக்கின்றன, ஒன்பதும் ஓவியர்களிடமே தவணையில் வாங்கியவை.

6 ஏப்ரல் 2025

ஏப்ரல் 2 அன்று மும்பையில் சாஃப்ரன்ஆர்ட் நடத்திய ஏலத்தில் தையப் மேத்தா 1956இல் வரைந்த கட்டுண்ட காளை ஓவியம் 61.8 கோடிக்குப் போனது. மேல்மதிப்பீடு 7 கோடிதான். இதே 61.8 கோடிதான் 2023 செப்டம்பரில் அம்ரிதா ஷெர்கிலின் 'கதை சொல்பவர்' ஓவியத்துக்கும் கிடைத்தது. இரண்டு தொகைகளும் ஒன்றாக இருப்பதைப் பார்த்ததும் அவை எப்படி உருவாகின்றன என்று எழுதத் தோன்றியது. செய்தித்தாளில் வரும் தொகையில், ஏலத்தில் சுத்தியல் தட்டிய விலையோடு ஏல நிறுவனம் வாங்குபவரிடம் பெறும் கட்டணமும் சேர்ந்திருக்கும். அது சுத்தியல் தட்டிய விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. விற்றவரிடமிருந்தும் தனியாக ஒரு கழிவு பிடிப்பார்கள். ஆகவே நூறு ரூபாய் என்று நீங்கள் படிக்கும் செய்தியில் விற்றவர் கைக்குச் சேர்வது பெரும்பாலும் எண்பதுக்கும் குறைவாகவே இருக்கும். நிலத்தின் வழிகாட்டி மதிப்பைப் போல இதைப் படிக்கக் கூடாது.

பத்து ஆண்டில் பெருகும் என்ற நம்பிக்கையையும் ஒரு முறை பார்த்துவிட்டோம். 2002இல் தையப் மேத்தாவின் மூன்று பலகை ஓவியம் நியூயார்க்கில் ஒன்றரைக் கோடியைத் தொட்டபோது எங்கள் கல்லூரி நண்பர்கள் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்து அழுதார்கள் என்றே சொல்லலாம். 2005இல் அவருடைய 'மகிஷாசுரன்' பத்து லட்சம் டாலரைக் கடந்தது. அதன்பின் கலை நிதியங்கள் வந்தன. பங்குச் சந்தையில் யூனிட் வாங்குவது போல ஓவியத்தில் பணம் போடலாம் என்றார்கள். ஒரு நிதியம் நூறு கோடிக்கு மேல் திரட்டியது. 2008இல் உலகச் சந்தை சரிந்ததும் வாங்க ஆளில்லை, முதலீட்டாளர்களுக்குச் சொன்ன காலத்தில் பணத்தைத் திருப்ப முடியவில்லை. அனுமதி பெறாத இத்தகைய நிதியங்களைப் பற்றி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியும் எச்சரித்தது. எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் சேமநிதியில் ஒரு பகுதியை இப்படிப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஓவியத்தைக் கண்ணால் பார்க்காமலே அதில் பங்கு வாங்கியதுதான் தவறு என்று அவரே பின்னாளில் சொன்னார்.

19 ஏப்ரல் 2025

சென்னை ஓவியர்கள் ஏன் மலிவு என்பதுதான் உங்கள் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. தரம் குறைவு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

பம்பாயில் 1947இல் முற்போக்குக் கலைஞர் குழு தொடங்கியபோது அதைச் சுற்றி வாங்குபவர்களும் எழுதுபவர்களும் இருந்தார்கள். ஹிட்லருக்குத் தப்பி வந்த வால்டர் லாங்கமர், ருடால்ஃப் ஃபான் லேடன், எமானுவேல் ஷ்லெசிங்கர் ஆகிய மூவர் அந்த இளைஞர்களுக்கு ஆசிரியராகவும் விமர்சகராகவும் முதல் சேகரிப்பாளராகவும் நின்றார்கள். அணு விஞ்ஞானி ஹோமி பாபா டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக வரிசையாக வாங்கினார். ஏர் இந்தியாவும் தன் அலுவலகங்களுக்கு வாங்கியது. வாங்கியவர்கள் ரசீது வைத்தார்கள், பட்டியல் அச்சிட்டார்கள், புகைப்படம் எடுத்தார்கள். அந்தக் காகிதங்கள்தாம் இன்றைக்குக் கோடிகளாக மாறியிருக்கின்றன.

இங்கே 1850இல் தொடங்கிய கலைப் பள்ளி இருந்தது, தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்தார்கள், தனபாலும் சந்தானராஜும் முனுசாமியும் கற்பித்தார்கள். வாங்குபவர்கள்தாம் இல்லை. அதனால்தான் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் குடியிருப்பை அமைத்தபோது, ஓவியம் விற்காவிட்டாலும் சோறு கிடைக்க வேண்டும் என்று மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். சந்தையை நம்பாமல் வாழ ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அது பெரிய சாதனை. ஆனால் சந்தைக்கு வேண்டிய காகிதங்களை யாரும் சேர்க்கவில்லை.

ஓவியர் ஆதிமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துறையூருக்கு அருகே கீரம்பூரில் பிறந்தவர். காந்தி நூற்றாண்டின்போது அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களை அறியாத ஓவிய மாணவர் இல்லை. தமிழ்ச் சிற்றிதழ் அட்டைகளிலும் வார இதழ்ப் பக்கங்களிலும் அவருடைய கோடுகளைப் பல்லாயிரம் பேர் பார்த்தோம். இதழோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டலாம் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியது? இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, நானும் அப்படித்தான் இருந்தேன்.

20 ஏப்ரல் 2025

நேற்று எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். வாங்குபவர்கள் இல்லை என்றது மிகை. சென்னையில் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் சிலர் வாங்கினார்கள், வெளிநாட்டுத் துணைத் தூதரகத்தாரும் வாங்கினார்கள். அவர்களுடைய எண்ணிக்கை ஒரு சந்தையை உருவாக்கும் அளவுக்கு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

11 மே 2025

தாத்தா வீட்டு ரவிவர்மா சரஸ்வதிக்குக் கோடி கிடைக்குமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அனேகமாக அது அச்சுப் படம். ரவிவர்மா 1894இல் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் நாடெங்கும் பரவின. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து முகத்தைப் பாருங்கள். சிறு சிறு புள்ளிகள் தெரிந்தால் அச்சு. கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயரும் இருக்கலாம், ஆகவே ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். நல்ல நிலையில் உள்ள பழைய அச்சுகளுக்கும் இன்று மதிப்பு உண்டு.

மூல ஓவியமாகவே இருந்தாலும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்கீழ் ரவிவர்மா, தாகூர் குடும்பத்தின் மூவர், நந்தலால் போஸ், ஜாமினி ராய், அம்ரிதா ஷெர்கில், நிக்கோலஸ் ரோரிக், சைலோஸ் முகர்ஜி ஆகியோரின் படைப்புகள் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாத கலைச் செல்வங்கள். அம்ரிதாவுக்குக் கிடைத்த 61.8 கோடியை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியாவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் மட்டும் போட்டியிட்டு அந்த விலை வந்திருக்கிறது. வெளிநாட்டுச் சந்தை ஏற்றிவிட்ட விலை என்று இதைச் சொல்ல முடியாது. உள்நாட்டுச் செல்வம் எவ்வளவு திரண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

2 ஜூன் 2025

போலிகளைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். 2009இல் டெல்லியில் தம் இளமைக் கால ஓவியங்களின் காட்சிக்கு வந்த ரஸா, சுவரில் இருந்தவற்றைப் பார்த்துவிட்டு அவற்றில் பல தாம் வரைந்தவை அல்ல என்று சொல்ல நேர்ந்தது. 2011இல் கொல்கத்தாவில் ரவீந்திரநாத் தாகூர் வரைந்தவை என்று காட்சிக்கு வைக்கப்பட்டவை போலி என்று தெரியவந்தது. வரைந்தவரே உயிரோடு வந்து மறுக்க முடிந்தது ரஸாவின் நல்லூழ். இறந்தவர்களுக்காகப் பேசக்கூடியது காகிதம் மட்டுமே. ஏலக்காரர்கள் ப்ரொவெனன்ஸ் என்று சொல்வது இதைத்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 1991இல் சோழமண்டலத்தில் வாழ்ந்த ஓர் ஓவியரிடம் மைக் கோட்டோவியம் ஒன்றை வாங்கினேன். பெயரைச் சொல்லவில்லை. ஒரு கிழவர் படகின் நிழலில் அமர்ந்து வலை பின்னுகிறார். வலையின் ஒவ்வொரு கண்ணியும் கையை எடுக்காமல் போட்ட கோடு, முடிச்சு விழும் இடத்தில் மட்டும் மை சற்றுத் தேங்கியிருக்கும். வலது கீழ் மூலையில் ஒரு முடிச்சுக்குள் அவருடைய தமிழ்க் கையெழுத்து. விலை 1,800 ரூபாய். மாதம் 150 வீதம் பன்னிரண்டு தவணையில் கொடுத்து முடித்தேன். பின் அட்டையில் அது முதலில் வைக்கப்பட்டிருந்த குழுக் காட்சியின் சீட்டு ஒட்டியிருந்தது. ஆண்டு, வரிசை எண், விலை மூன்றும் அதில் இருந்தன.

2016 டிசம்பரில் வர்தா புயலின்போது சன்னல் உடைந்து மழைநீர் உள்ளே புகுந்தது. சட்டம் உப்பிப் போனதால் படத்தை ஒரு பிரேம் கடையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது புதுச் சட்டம் பளபளவென்று இருந்தது. பின்னால் திருப்பிப் பார்த்தால் புத்தம் புதிய ஹார்ட்போர்டு. பழைய அட்டை எங்கே என்றேன். பூஞ்சை பிடித்திருந்ததால் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். புதுச் சட்டத்துக்கு அளவு சேரவில்லை என்று தாளின் இடது ஓரத்தையும் ஒரு விரல் அகலம் வெட்டியிருந்தார்கள். தாளைப் பசை தடவி ஹார்ட்போர்டோடு ஒட்டியும் விட்டார்கள். மூன்றையும் நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள், ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2022இல் என் கணவரின் அறுவை சிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டது. மும்பையிலுள்ள ஒரு ஏல நிறுவனத்துக்குப் படம் எடுத்து அனுப்பினேன். வாங்கிய ரசீது, காட்சிச் சீட்டு, ஓவியரோடு எடுத்த படம், அச்சில் வந்த குறிப்பு இவற்றில் ஏதேனும் உண்டா என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை. மரியாதையாக மறுத்துவிட்டார்கள். உள்ளூரில் ஒருவர் 25,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். வளையல்களை அடகு வைத்துச் செலவைச் சமாளித்தேன், படத்தைக் கொடுக்க மனம் வரவில்லை.

உங்கள் ஐந்து லட்சத்துக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. வாழும் ஓவியரிடம் நேரே போய், ஆண்டுக்கணக்கில் பார்த்தாலும் அலுக்காது என்று தோன்றும் ஒன்றையோ இரண்டையோ வாங்குங்கள். தலைப்பு, ஆண்டு, அளவு, ஊடகம், விலை எல்லாம் எழுதி அவருடைய கையெழுத்தோடு ரசீது பெறுங்கள். ஓவியத்தைப் பிடித்தபடி அவர் நிற்கும் படம் ஒன்றை எடுத்து அச்சிட்டு ரசீதோடு வையுங்கள்.

3 ஜூன் 2025

மார்ச் 25 அன்று நான் எழுதியது தவறு என்று சட்டம் பயின்ற நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவருக்கு நன்றி. வரைந்தவருக்குப் பங்கு உண்டு. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகப் பதிப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்ற பிரிவு வந்தது. மூல ஓவியமோ சிற்பமோ 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் படைத்தவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ அந்தத் தொகையில் பங்கு பெறும் உரிமை உண்டு. பங்கு எவ்வளவு என்பதை உரிய அமைப்பு முடிவு செய்ய வேண்டும், அது பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஓவியர் குடும்பங்கள் பலவற்றோடு பழகிய நான் இந்தப் பங்கை வாங்கிய ஒருவரையும் சந்தித்ததில்லை, ஆகவேதான் சட்டமே இல்லை என்று நினைத்துவிட்டேன். உரிமை இருந்தும் ஒரு குடும்பத்துக்கும் அது தெரியாமல் இருப்பது சட்டம் இல்லாததைவிடக் கொடுமையாகப் படுகிறது.

20 ஜூலை 2025

53ஏ பற்றித் தெரிந்ததும் வலை பின்னும் கிழவரை வரைந்தவரின் மகளுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. "அப்பா கணக்கெல்லாம் எழுதி வைப்பாரே, டீச்சரக்கா" என்றார். போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டுக்குப் போனேன்.

நீளவாட்டில் திறக்கும் சிவப்பு அட்டைப் பற்று வரவு நோட்டு. மளிகைக் கணக்கும் பத்திக் சாயம் வாங்கிய கணக்கும் நடுவே, ஒரு பக்கத்தில் 'டீச்சர் – வலை – 1,800' என்று தலைப்பிட்டு அதன்கீழ் மாதவாரியாக 150, 150 என்று வரிசை. பக்கத்தின் ஓரத்தில் கட்டைவிரல் அளவில் அந்த ஓவியத்தின் சிறு உருவம், படகும் கிழவரும் வலையும். எண்ணிப் பார்த்தால் பதினொரு 150 தான் இருந்தன. பன்னிரண்டாவது இடத்தில் 'கல்யாணம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்' என்று எழுதியிருந்தது. எனக்கு 1992இல் திருமணமானது. கடைசித் தவணையைக் கொடுக்கப் போனபோது அவர் வாங்க மறுத்து, காப்பி கொடுத்து அனுப்பியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முப்பது ஆண்டுகளாக முழு விலையும் கொடுத்ததாகவே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். ஜூன் 2 அன்று இங்கே எழுதியதும் அப்படித்தான். நான் கொடுத்தது 1,650.

அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டேன். நோட்டை மகளே பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதில் இருபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களின் கணக்கு இருக்கிறது, அத்தனையும் யார் யார் வீட்டிலோ ரசீது இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

23 செப்டம்பர் 2025

நேற்று முதல் ஓவியம், சிற்பம் போன்ற கலைப் பொருள்களுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. லாபத்துக்கு விற்றால் வருமான வரி தனியாக உண்டு. 2007இலிருந்து ஓவியமும் மூலதனச் சொத்துதான், வீட்டுச் சாமான் என்று சொல்லித் தப்ப முடியாது.

29 செப்டம்பர் 2025

கைதொண்டே 1970இல் வரைந்த தலைப்பில்லா ஓவியம் ஒன்று 67.08 கோடிக்குப் போயிருக்கிறது. டெல்லி நிஜாமுதீனில் மாடியில் ஒரு வாடகை அறையில் வாழ்ந்து, ஆண்டுக்கு ஐந்தாறு ஓவியங்களுக்கு மேல் வரையாமல் 2001இல் மறைந்தவர். நியூயார்க் குக்கன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய பெரிய காட்சியை நடத்தியது 2014இல். அருங்காட்சியகமும் நூலும் பட்டியலும் வந்தபின் விலை எப்படி நகர்கிறது என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு. சென்னை ஓவியர்களுக்கு அப்படி ஒரு முழுமையான பட்டியலை உருவாக்கினால் விலை தானாக வரும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். விலை வருமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பட்டியல் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. சிவப்பு நோட்டிலுள்ள பெயர்களை வைத்து மகளும் நானும் ஒவ்வொரு வீடாகத் தேடத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை நான்கு ஓவியங்கள் கிடைத்தன. ஒன்று ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில், ஏ.சி.யிலிருந்து நீர் சொட்டும் சுவரில் இருந்தது. அவரிடம் சொன்னதும் அன்றைக்கே இடம் மாற்றினார்.

16 நவம்பர் 2025

படம் விற்றாயிற்றா என்று கேட்பவர்களுக்கு: இன்னும் இல்லை. நோட்டுப் பக்கத்தின் படத்தையும் மகள் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் பார்த்த பிறகு, முன்பு மறுத்த அதே நிறுவனம் படத்தை நேரில் பார்க்க விரும்புவதாக எழுதியிருக்கிறது. இப்போது எனக்கு அவசரம் இல்லை. முதலில் தாளைக் காப்பாற்ற வேண்டும். காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஓர் அம்மையார் ஆறு வாரம் எடுத்துக்கொண்டு, ஈரம் காட்டிக் காட்டிக் கத்தி முனையால் ஹார்ட்போர்டிலிருந்து தாளைப் பிரித்தெடுத்தார். பழுப்பு ஓரளவு குறைந்தது. வெட்டிய ஓரம் போனது போனதுதான்.

விற்றால் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு மகளுக்கு என்று வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். சட்டம் எவ்வளவு என்று முடிவு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடைசித் தவணை 150 ரூபாயையும் கொடுக்கப் போனேன். அப்பா வேண்டாம் என்று எழுதியதைத் தாம் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்.

அமிலம் இல்லாத புது அட்டையின் பின்னால் பென்சிலால் எழுதியிருப்பது: ஓவியரின் பெயர், 1991, தாளில் மை, இடது ஓரம் 2016இல் வெட்டப்பட்டது, விலை 1,800, கொடுத்தது 1,650, கணக்கு சிவப்பு நோட்டில், நோட்டு மகளிடம்.